தாமான் வாசலில் கொள்கலன் லோரி: எந்த வழி, எந்த நேரம், யார் முடிவு?

கிள்ளான்: கிள்ளான் துறைமுகம் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடியே 40 லட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. இது 20 அடிப் பெட்டியை ஓர் அலகாக வைத்துச் சொல்லப்படும் கணக்கு. 40 அடிப் பெட்டி என்றால் இரண்டாக எண்ணப்படும்.

இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுகின்றன. அவை துறைமுகத்தின் வெளிவாசலைக்கூடத் தாண்டுவதில்லை. மீதமுள்ள பெட்டிகள்தான் லோரியில் ஏறி பண்டமாரான், காப்பார், தெலுக் பங்ளிமா காராங் வழியாக நாட்டின் மற்ற இடங்களுக்குப் போகின்றன. அந்த மீதியும் பல லட்சம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் இளைஞர்களும், கோவிலுக்கு நடந்து போகும் பெரியவர்களும் பயன்படுத்துவது அதே சாலைகளைத்தான். லோரியும் குடும்பமும் ஒரே சாலையில் செல்லும் நிலை எப்படி வந்தது, அதை மாற்ற என்ன வழி, அதில் பொதுமக்கள் எங்கே பேச முடியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ரயில் போட்ட ஊர், லோரிக்கு மாறியது

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை ரயில் பாதை 1886ஆம் ஆண்டில் வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் துறைமுகம் திறக்கப்பட்டது. ஈயமும் பிறகு ரப்பரும் ரயிலில் வந்து கப்பலேறின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களில் பலர் முதலில் கால் வைத்ததும் இந்தத் துறைமுகத்தில்தான். பலர் ரயில்வேயிலும் துறைமுகத்திலுமே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே குடியேறினார்கள்.

அந்தக் காலத்தில் கனமான சரக்கு தண்டவாளத்தில் போனது. வீதியில் மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடின. 1970களில் கொள்கலன் முறை வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. தொழிற்சாலை வாசலில் பூட்டிய பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றலாம். இடையில் பிரித்து மாற்ற வேண்டியதில்லை. வாசலிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமானால் லோரிதான் வசதி.

தோட்டங்களும் மாறின. புக்கிட் ராஜாவில் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் இன்று வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கிடங்குகளும் நிற்கின்றன. தோட்டம் இருந்தபோது அந்த வழியில் ஒரு நாளைக்குச் சில லோரிகள் வந்தால் அதிகம். கிடங்கு வந்தபின் இரவு பகலாக வருகின்றன. வீடும் கிடங்கும் அருகருகே வளர்ந்தன. இரண்டுக்கும் தனித்தனி வழி பல இடங்களில் போடப்படவில்லை.

மூன்று வகை இழப்பு

முதல் இழப்பு உயிர். மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். இவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். டிரெய்லர் லோரியின் முன்புறம், இடது பக்கம், பின்புறம் ஆகியவற்றில் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாத பகுதிகள் உண்டு. லோரி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள், முன் சக்கரங்கள் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சமிக்ஞை விளக்கில் லோரியின் இடது பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தப் பகுதியில் இருப்பவரை அவரால் பார்க்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது இழப்பு சாலை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனை ஒரு கணக்கைத் தந்தது. ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. ஒரு காரின் அச்சில் அரை டன் எடை என்றும் லோரியின் அச்சில் 10 டன் என்றும் வைத்துக்கொண்டால், லோரியின் ஓர் அச்சு தரும் சேதம் காரின் அச்சைவிட ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். தாமான் சாலைகள் கார்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. லோரி குறுக்கு வழியாக உள்ளே புகுந்தால் அவை சீக்கிரமே குழி விழுவதற்கும், அளவுக்கு மீறிய பாரம் சாலைக்கும் பொதுப் பணத்துக்கும் பெரிய கேடாவதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

மூன்றாவது இழப்பு உடல்நலமும் உறக்கமும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் வகைப்படுத்தியது. மலேசியா 2021ஆம் ஆண்டில் கந்தகம் குறைந்த யூரோ 5 டீசலுக்கு மாறியது நல்ல முன்னேற்றம். ஆனால் பழைய இயந்திரம் பொருத்திய லோரியில் நல்ல எண்ணெய் ஊற்றினாலும் புகை முழுமையாக நின்றுவிடாது. வீட்டு வாசலில் இயந்திரத்தை அணைக்காமல் நிறுத்திவைக்கும் லோரி, ஓடாமலேயே புகையும் சத்தமும் தருகிறது.

தடை போட்டால் தீருமா?

குடியிருப்பாளர்கள் கூட்டங்களில் முதலில் எழும் கோரிக்கை, லோரியை உள்ளே விடாதீர்கள் என்பதுதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெறும் தடை பிரச்சினையை வேறு இடத்துக்குத் தள்ளிவிடும்.

மளிகைக் கடை அரிசி, மருந்தகத்தின் மருந்து, லிட்டில் இந்தியா எனப்படும் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு விற்கும் துணிமணி எல்லாம் ஏதோ ஒரு லோரியில் வந்தவை. 40 அடிக் கொள்கலனில் 25 டன் சரக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே சரக்கை ஒரு டன் ஏற்றும் வேனில் கொண்டு வந்தால் 25 நடை ஆகும். ஒரு பெரிய வண்டி போய் 25 சிறிய வண்டிகள் வந்தால் நெரிசல் கூடுமே தவிர குறையாது.

லோரி ஓட்டுநர்களிலும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். இத்துறையில் நடைக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுவது பரவலான வழக்கம். வரிசையில் காத்திருக்கும் மணி நேரம் அவருக்குச் சம்பளம் தராது. காத்திருந்து இழந்த நேரத்தைச் சாலையில் வேகமாகப் போய் ஈடுகட்டும் ஆசை வரும். ஓய்வெடுக்க முறையான இடம் இல்லாதபோது சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்தித் தூங்குவார். குடியிருப்பாளரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள். வழியையும் இடத்தையும் முன்கூட்டியே திட்டமிடாததன் விளைவை இருவருமே அனுபவிக்கிறார்கள்.

திட்டமிடலின் நான்கு கருவிகள்

சரக்குப் போக்குவரத்தை ஊருக்குப் பொருந்த அமைப்பதற்கு உலக நகரங்கள் பயன்படுத்தும் வழிகளை வழி, நேரம், இடம், தண்டவாளம் என்று நான்காகப் பிரிக்கலாம்.

வழி: கனரக லோரி எந்தச் சாலையில் போகலாம் என்பதை முன்பே குறித்துவிட்டு மற்ற சாலைகளை மூடுவது. கிள்ளானில் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. வட கிள்ளான் நீரிணைப் புறவழிச்சாலை, கேசாஸ் நெடுஞ்சாலை, பூலாவ் இண்டாவை இணைக்கும் எஸ்கேவிஇ நெடுஞ்சாலை ஆகியவை துறைமுகச் சரக்கை ஊருக்கு வெளியே கொண்டுபோக உதவுகின்றன. ஆனால் இவற்றில் டோல் கட்டணம் உண்டு. கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் லோரி ஊர்ச் சாலைக்குள் இறங்கும். ஆகவே வழியைக் குறிப்பதோடு, அந்த வழியில் போவது லோரிக்காரருக்குக் கட்டுப்படியாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போடுவதும் இந்தக் கருவியில் அடங்கும். கூட்டரசு நெடுஞ்சாலையிலும் கேசாஸிலும் அந்தத் தடம் இருக்கிறது. லோரி அதிகம் ஓடும் மற்ற பல சாலைகளில் இல்லை.

நேரம்: நெரிசல் நேரத்தில் லோரியைத் தவிர்ப்பது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005இல் ஒரு திட்டம் வந்தது. பகலில் பெட்டி எடுத்தால் கட்டணம், இரவில் எடுத்தால் இல்லை. சரக்கில் பெரும்பகுதி இரவுக்கு மாறியது. ஆனால் மாலை 6 மணிக்குக் கட்டணம் நிற்கும் என்று தெரிந்ததால் அதற்குமுன் வாசலில் நீண்ட வரிசை நின்றது. 2018இல் அந்த முறையை மாற்றி, எந்த நேரமானாலும் ஒரே கட்டணம், முன்பதிவு செய்த நேரத்துக்கு வர வேண்டும் என்று ஆக்கினார்கள். இரவுக்கு மாற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பகல் நெரிசல் குறையும். சாலையோர வீட்டில் தூக்கம் கெடும். லண்டன் மாநகரில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 18 டன்னுக்கு மேற்பட்ட லோரிகள் இரவிலும் வார இறுதியிலும் குடியிருப்புச் சாலைகளில் ஓடுவதற்குக் கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். இரவு ஓட்டம் வீடுகள் இல்லாத வழியில் மட்டுமே பொருந்தும்.

இடம்: லோரி ஓடாத நேரத்தில் எங்கே நிற்கும் என்பதற்கு விடை. சிங்கப்பூரில் கனரக வாகன உரிமையாளர் தம் வண்டியை நிறுத்த அங்கீகரிக்கப்பட்ட இடம் இருப்பதைக் காட்டும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வண்டி வாங்கும் முன்பே நிறுத்தும் இடத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் ஏற்பாடு இது. கிடங்கு கட்ட அனுமதி கொடுக்கும்போதே வளாகத்துக்குள் எத்தனை லோரி நிற்க முடியும், வரிசை வெளிச்சாலை வரை வருமா என்று கேட்பதும், வீடுகளுக்கும் கிடங்குக்கும் இடையில் மரம் நட்ட இடைவெளி விடுவதும் இதில் சேரும்.

தண்டவாளம்: லோரியின் எண்ணிக்கையையே குறைக்கும் வழி. ஒரு சரக்கு ரயில் 30 நாற்பதடிப் பெட்டிகளை இழுத்தால் சாலையில் 30 டிரெய்லர்கள் குறையும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடக்கே பாடாங் பெசார் வரை கேடிஎம் கொள்கலன் ரயில் ஓடுகிறது. ஆனால் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கொமுட்டர் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. மக்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் சரக்கு காத்திருக்க வேண்டும். அருகிலுள்ள கிடங்குக்கு 20 கிலோமீட்டர் போக வேண்டிய பெட்டியை ரயிலில் ஏற்றி இறக்குவதும் லாபம் தராது. தண்டவாளம் தூரச் சரக்குக்குக் கைகொடுக்கும். பக்கத்து ஊர்ச் சரக்குக்கு முதல் மூன்று கருவிகளே துணை.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகிய நகர முனையங்களை 2027க்குள் துவாசுக்கு மாற்றும் திட்டம் அது. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நகரின் தென்கரையில் காலியாகும் நிலத்தில் வீடுகளும் பூங்காக்களும் வரவிருக்கின்றன. கிள்ளானில் துறைமுகத்தை நகர்த்த முடியாது. புதிய முனையம் எங்கே வருகிறது, அதற்கான சாலை எந்தக் குடியிருப்பைத் தொடுகிறது என்று முன்கூட்டியே கேட்பது முடியும்.

வரப்போகும் மாற்றங்கள்

அந்தக் கேள்வியை இப்போதே கேட்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பூலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸ் முனையம், ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் அலகு கையாளும் தன் திறனை 2 கோடியே 70 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கத்தை அறிவித்துள்ளது. கூடும் பெட்டிகளில் ஒரு பகுதி கப்பல் மாறிப் போனாலும் மற்றொரு பகுதி சாலைக்கு வரும்.

இசிஆர்எல் எனப்படும் கிழக்குக் கரை ரயில் திட்டம் கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. சிலாங்கூரில் அதன் பாதை கோம்பாக், செரண்டா, புஞ்சாக் ஆலாம், காப்பார் வழியாக ஜாலான் காஸ்தாம் வரை வருகிறது. இது சரக்கையும் ஏற்றும் ரயில் என்பதால் சாலைக்கு உதவியாக அமையலாம். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இசிஆர்எல் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். கேடிஎம் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெட்டியை இறக்கி ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட இடங்களைச் சுற்றி லோரி நடமாட்டம் கூடும். ரயில் வருவது நல்ல செய்தி என்றாலும், நிலையத்துக்கு அருகில் வசிப்பவர் லோரி எந்த வழியாக வரும் என்று கேட்க வேண்டியிருக்கும்.

கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் அமைக்கும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அந்தத் தீவில் செம்பனைத் தோட்டங்களும், தலைமுறைகளாக வாழும் தோட்டக் குடும்பங்களும், மா மெரி பூர்வகுடியினரின் கிராமங்களும் உள்ளன. தீவுக்குள் போகும் சாலை தெலுக் பங்ளிமா காராங் பக்கமிருந்து செல்கிறது. துறைமுகம் வந்தால், துறைமுகச் சாலையைத் தனியாகப் போட்டுவிட்டு முனையத்தைத் திறப்பார்களா, முனையத்தைத் திறந்துவிட்டுச் சாலையைப் பிறகு பார்ப்பார்களா என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை அமையும்.

யாரிடம் கேட்பது?

மனு கொடுக்கும் பலர் தவறான வாசலில் போய் நிற்பதால் காலம் வீணாகிறது. முதலில் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசு சாலை. காப்பார் சாலையும் கிள்ளான்–பந்திங் சாலையும் 5ஆம் எண் கூட்டரசு சாலையின் பகுதிகள். எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை. தாமானுக்குள் இருக்கும் சாலைகள் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. கூட்டரசு சாலையில் லோரிக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று மாநகர் மன்றத்திடம் மட்டும் கேட்டால் போதாது. பொதுப்பணித் துறைக்கும் சாலைப் போக்குவரத்துத் துறைக்கும் அந்த மனு போக வேண்டும்.

கிடங்கு, தொழிற்பேட்டை, புதிய சாலை ஆகியவற்றுக்கு நகர், புறநகர் திட்டமிடல் சட்டம் 1976 பொருந்தும். 172ஆம் சட்டம் என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் தொழில் என்று வரையும் உள்ளூர்த் திட்டத்தை, இறுதியாக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் யாராவது மேம்பாட்டு அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

இதில் தோட்டத்து மக்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அறிவிப்பு நில உரிமையாளருக்குப் போகும். தோட்ட வீட்டில் குடியிருப்பவர் நிலத்துக்கு உரிமையாளர் அல்லர். அதனால் நிலம் கைமாறிக் கிடங்காவது பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கும். அங்கேயே வாழ்பவருக்குக் கடைசியில்தான் தெரியவரும். உள்ளூர்த் திட்டம் பார்வைக்கு வரும் வாரங்களே அவர்கள் பேசக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அப்போது ஆட்சேபிக்க நிலப் பட்டா தேவையில்லை.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வாக்கு இல்லாத இடத்தில் எழுத்து மூலமான ஆட்சேபமே குடியிருப்பாளரின் குரல். சிலாங்கூரில் பகுதி மன்ற உறுப்பினரையும் இந்திய சமூகத் தலைவரையும் அணுகி, பார்வைக்கு வைக்கும் தேதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்தது. பெயருக்கேற்ற திட்டமிடலைக் கேட்க இதைவிட நல்ல சமயம் இல்லை.

மனுவில் என்ன எழுதலாம்?

"லோரி தொல்லை தாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அதிகாரி அதை வைத்து எதையும் செய்ய முடியாது. கீழ்க்கண்டவற்றைச் சேர்த்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

• ஒரு வாரம், காலை பள்ளி நேரத்திலும் மாலையிலும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கனரக லோரிகள் போகின்றன என்ற எண்ணிக்கை. இளைஞர் மன்றத்தில் நான்கு பேர் முறை வைத்து எண்ணினால் போதும்.

• அவை எந்தச் சந்திப்பில் நுழைந்து எங்கே வெளியேறுகின்றன என்ற வழி.

• பள்ளி, கோவில், மருந்தகம், விளையாட்டுத் திடல் ஆகியவை அந்த வழியில் எங்கே உள்ளன என்ற எளிய வரைபடம்.

• லோரி போகக்கூடிய மாற்று வழி. மாற்று வழி சொல்லாத மனு எளிதில் ஒதுக்கப்படும்.

• புதிய கிடங்கு என்றால், அதற்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டதா, வளாகத்துக்குள் லோரி காத்திருக்க இடம் உண்டா என்ற கேள்வி.

துறைமுகம் கிள்ளானுக்கு நூறாண்டுக்கும் மேலாகச் சோறு போட்டு வருகிறது. லோரியும் இனி வந்துகொண்டுதான் இருக்கும். அது எந்தச் சாலையில், எந்த நேரத்தில் வரும் என்பதை முடிவு செய்யும் வரைபடம் அவ்வப்போது சில வாரங்கள் மட்டும் பொதுமக்கள் முன் விரித்து வைக்கப்படுகிறது. அந்த வாரங்களில் எண்ணிக்கையோடும் மாற்று வழியோடும் எழுதிக் கொடுக்கப்பட்ட ஆட்சேபத்தை மன்றம் பரிசீலிக்க வேண்டும். வரைபடம் முடிந்து கிடங்கு எழும்பிய பிறகு போடும் மனுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.